ஏழுக்கு முன்னால் நாலு

கணவர் பார்த்துவந்த வேலையை அவளுக்குக் கொடுத்தபோது ஆணையில் ‘கருணை அடிப்படையில்’ என்று போட்டிருந்தார்கள். அந்தச் சொல் காகிதத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது அவளுக்கு முன்னாலேயே குடிநீர் நிலையத்துக்குள் போய், ஒவ்வொரு நாற்காலியிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அவள் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால் சிரிப்பு நின்றுவிடும். யாராவது ஒருவர் எழுந்து மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைப்பார். கட்டுப்பாட்டு அறையில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். வாய் மூடாமல் பேசுகிறவன். அவள் கணவரை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியவன், அதனால் அவள் அண்ணி. அண்ணியின் தலை தெரிந்தால் போதும், யாரோ காதைத் திருகி அணைத்த மாதிரி ரேடியோ ஓய்ந்துபோகும்.

வீட்டிலும் அதே கதைதான். அக்கா வந்து கூடத் தங்கியிருந்தாள். வந்த அன்றே இவள் கணவருடைய ஷூக்களை எடுத்து எங்கேயோ ஒளித்துவிட்டாள். ஷூ நாடா கட்டக் குனிந்தவர்தான் அவர், நிமிரவில்லை. எதையோ தேடுகிறார் என்று நினைத்து, “என்னத்தங்க தொலைச்சீங்க?” என்று இவள் அடுக்களையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு முறை கேட்டாள். அதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருக்கும். வாயைத் திறந்தால் அக்கா வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “வேண்டாம்டி, அதையெல்லாம் நினைக்காத,” என்பாள். அன்பால் அடைத்தாலும் அடைப்பு அடைப்புதான்.

இந்தக் கருணை எட்டிப் பார்க்காத இடம் ஒன்றே ஒன்று, ஆய்வகம். அங்கே இருந்த மேடத்துக்கு முகத்துக்கு நேரே மேடம் என்றும், முதுகுக்குப் பின்னால் ஆசிட் என்றும் பெயர். புருஷன் செத்தால் வேலை கொடுக்கலாம், வேலை தெரியும் என்று எழுதிக் கொடுக்க முடியாது என்பது ஆசிட்டின் கட்சி. அதை அவள் ரகசியமாகச் சொல்லவில்லை. இவளை எதிரே நிற்கவைத்தே சொன்னாள்.

வேலை இதுதான். ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் இடத்தில், நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, தரைக்குக் கீழே ஒரு கான்கிரீட் குழி. மேலே இரும்பு மூடி, உள்ளே இறங்க இரும்பு ஏணி. குழிக்குள் சிறு தொட்டி. அதன் வழியாக ஆற்றுத் தண்ணீர் ஒரு குழாயில் வந்து, வழிந்து, தரையில் உள்ள வடிகாலில் போய்க்கொண்டே இருக்கும். தொட்டிக்குள் சென்சார்கள் தொங்கும். ஒன்று கலங்கலை அளக்கும், ஒன்று புளிப்பை அளக்கும். ஆற்றுக்கு என்ன நடந்தாலும் அந்த நிமிடமே கட்டுப்பாட்டு அறையிலும் ஆய்வகத்திலும் திரையில் எண்ணாகத் தெரியும்.

அவர் அந்தச் சென்சார்களை நாக்கு என்பார். ஆற்றை ருசி பார்க்கிற நாக்கு. பாசி படிந்தால் ருசி கெடும், அதனால் அடிக்கடி துடைக்க வேண்டும். “ஊருல எல்லாரும் படிச்சு என்ன நாக்கா வழிக்கப் போறோம்னு கேப்பாங்க,” என்று அவர் வீட்டில் சொல்வார். “நான் படிச்சதே நாக்கு வழிக்கத்தான்.” அந்த ஜோக்கை அவர் எத்தனை முறை சொன்னாலும் அவரே முதலில் சிரிப்பார்.

நாக்கைத் துடைக்க வெளியே எடுத்தால் அது கண்டதையும் உளறும். மேலே இருப்பவர்கள் ஆற்றுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறுவார்கள். அதனால் எடுப்பதற்கு முன் சுவரில் இருக்கும் கருவியில் ஒரு பொத்தானை அழுத்தி ‘ஹோல்ட்’ போட வேண்டும். போட்டால், கடைசியாக எந்த எண் இருந்ததோ அதுவே மேலே திரைகளில் அசையாமல் நிற்கும். கீழே என்ன நடந்தாலும் மேலே சுகம்.

புளிப்பு நாக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதற்கு அவ்வப்போது பாடம் எடுக்க வேண்டும். மஞ்சள் புட்டியில் இருக்கும் திரவம் ஏழு, புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. சிவப்புப் புட்டி நாலு, நல்ல புளிப்பு. நாக்கை அந்தப் புட்டிகளில் வைத்து, இது ஏழு, இது நாலு என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆசிட்தான் இவளுக்கு அதைக் கற்றுக் கொடுத்தாள்.

“முதல்ல ஏழு. அப்புறம்தான் நாலு. நடு எதுன்னு சொல்லாம ஓரத்தைச் சொல்லிக் குடுத்தா அது ஆயுசுக்கும் கோணலாத்தான் பேசும். புரியுதா?”

“புரியுது மேடம்.”

“தலைய ஆட்டாத, மாடு கூட ஆட்டும். நாலுல ஆரம்பிச்சேன்னு தெரிஞ்சுது, எங்க இருந்தாலும் வந்து காதைத் திருகிடுவேன்.”

பக்கத்தில் நின்ற ரேடியோவுக்கு முகம் செத்துப்போனது. “மேடம், அவங்களே பாவம்,” என்றான் மெதுவாக.

“பாவம் பாக்கறதுக்கு வேற ஆளு இருக்கு. நான் தண்ணி பாக்கறேன்.”

அன்றைக்கு இவளுக்குப் பல நாள் கழித்து நன்றாகப் பசித்தது. ஏன் என்று யோசிக்கவில்லை.

மேற்கே எங்கோ மழை பெய்து ஆறு கலங்கி வந்த ஒரு மதியத்தில், அவள் நாக்கு வழிக்கப் போனாள். பையைத் தண்ணீர்க் குழாயின் வால்வுச் சக்கரத்தில் மாட்டினாள். வால்வு, மின்சார மெயின் சுவிட்ச் இரண்டும் மேலே, மூடிக்குப் பக்கத்தில். கைபேசியையும் பையிலேயே விட்டாள். அவர் ஒரு தடவை கைபேசியைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து வாங்கிக் கட்டிக்கொண்டது அவளுக்கு ஞாபகம் இருந்தது. திட்டியவள் இவள்தான்.

இறங்கி, ஹோல்ட் போட்டு, கலங்கல் நாக்கைத் துடைத்து மாட்டினாள். மேலே ஏறி வேறு துணி எடுத்துவரலாம் என்று ஏணியில் கால் வைத்துப் பாதி ஏறியிருப்பாள். சுவரைப் பிடித்திருந்த துருப்பிடித்த போல்ட்டுகள் பொத்தென்று விட்டன. ஏணியும் அவளும் சேர்ந்து கீழே வந்தார்கள். வலது கணுக்காலில் ஏதோ இடம் மாறிய சத்தம் அவளுக்கே கேட்டது.

வலி கொஞ்சம் அடங்கியபின் கத்தினாள். பக்கத்தில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலைத் தாண்டி நிலையம்வரை இடி விழுந்தாலும் கேட்காது. தலைக்கு மேலே வட்டமாக வானம். எட்டிப் பிடிக்க ஒன்றும் இல்லை. வளைந்துபோன ஏணியைத் தூக்கி நிறுத்தினாள். ஒற்றைக் காலில் நின்று அதைச் சுவரில் சாய்க்கும் முன்பே அது வழுக்கி மறுபடி விழுந்தது.

சரி, உட்கார்ந்திருப்போம், தேடி வருவார்கள் என்று நினைத்தாள். அப்போதுதான் பாவாடை நனைவது தெரிந்தது.

துடைத்த துணி வடிகாலுக்குள் போயிருந்தது. கையை விட்டு இழுத்தாள். ஒரு கிழிசல் மட்டும் வந்தது. மீதித் துணி இன்னும் உள்ளே போய்ப் பந்தாக அடைத்துக்கொண்டது. குழாயில் ஆறு வந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்தும் வால்வு மேலே, அவளுடைய பையை மாட்டிக்கொண்டு நிம்மதியாக நின்றது.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். சொன்னவர் இந்த மாதிரிக் குழியில் நின்றதில்லை. இங்கே தலை வரைக்கும் போகவே வேண்டாம். இடுப்பு உயரத்தில் சுவரில் மின்சாரப் பெட்டி இருந்தது. அதன் மூடி சரியாகப் பொருந்தாது. “இதுக்குள்ள தண்ணி போச்சுன்னா குழி பூராவும் கரண்டுதான்,” என்று அவர் ஒருமுறை அதைக் காட்டியிருந்தார், அவள் வேடிக்கை பார்க்க வந்த நாளில். அவளுக்குச் சாணும் முழமும் இப்போது தனித்தனியாகத் தெரிந்தன.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. குளிர்ச்சியில் வலி குறைந்தது. அதற்காக நன்றி சொல்லத் தோன்றவில்லை.

சத்தம் போகாது. ஆனால் இந்தக் குழியிலிருந்து மேலே போகிற பேச்சு ஒன்று இருக்கிறதே. தொட்டியின் அடியில் படிந்திருந்த சேற்றை அள்ளி, கலங்கல் நாக்கின் மேல் கரைத்து விட்டாள். கருவியில் எண் துள்ளியது. மேலே திரையிலும் இப்படித்தான் துள்ளும், ரேடியோ எழுந்து ஓடிவருவான் என்று காத்திருந்தாள். தண்ணீர் ஏறியது. யாரும் வரவில்லை. இன்னும் சேற்றை அள்ளிப் போட்டாள். வரவில்லை. பிறகுதான் எண்ணுக்குக் கீழே சின்னதாக எரிந்துகொண்டிருந்த சொல்லைப் பார்த்தாள். ஹோல்ட்.

அவள் இங்கே சேற்றைக் குழப்பிக்கொண்டிருந்த நேரமெல்லாம் மேலே திரையில் பழைய எண் ஆடாமல் அசையாமல் நின்றிருந்தது. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று அவள் இத்தனை நாளாக எல்லாருக்கும் சொல்லிவந்த பதில் மாதிரி.

பொத்தானை அழுத்தி ஹோல்டை எடுத்தாள். சொல் அணைந்தது. சேற்றைக் கரைத்தாள். எண் எகிறியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில், யாரும் தொடாமல், அந்தச் சொல் தானாக மறுபடி எரிந்தது.

ஹோல்ட்.

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்தும் ஹோல்ட் போடலாம். போட்டது ரேடியோ. எண் துள்ளுவதைப் பார்த்திருக்கிறான். அண்ணி நாக்கு வழிக்கிறாங்க, ஹோல்ட் போட மறந்துட்டாங்க, ஆசிட் பார்த்தா கடிச்சுக் குதறிடும், நாமளே மூடிடுவோம் என்று அவளுக்காக மூடிவிட்டான். பையன் தங்கமான பையன்.

அவள் எடுத்தாள். அவன் போட்டான். மறுபடி எடுத்தாள். மறுபடி போட்டான். இந்த இழுபறியில் அவன் அவள் மேல் ஒரு சந்தேகமும் படவில்லை என்பதுதான் பயமாக இருந்தது. போன் பண்ணி, “என்ன அண்ணி பண்றீங்க?” என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டான். குழிக்குள் தனியாக உட்கார்ந்து அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். அவள் திரும்பி வரும்போது யாரும் அவள் கண்ணைப் பார்ப்பதில்லை. அழுகிறவளை எதற்குத் தொந்தரவு செய்வது? நிதானமாக அழுதுவிட்டு வரட்டும். நாள் முழுக்க வராவிட்டாலும் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

மின்சாரப் பெட்டிக்குள் கைவிட்டு எதையாவது பிடுங்கிவிடலாமா என்று யோசித்தாள். ஈரக் கையோடு அதைத் தொடத் துணிவில்லை. பிடுங்கினாலும் மேலே எண் மறையும், அவ்வளவுதான். இணைப்பு தினமும் போகும், தினமும் வரும். யாரும் தலையைத் திருப்புவதுகூட இல்லை. எண் நின்றால் ஹோல்ட், துள்ளினால் துடைக்கிறாள், மறைந்தால் இணைப்பு போச்சு. அவள் என்ன சொன்னாலும் அதற்கு ஏற்கெனவே ஒரு நல்ல காரணம் தயாராக இருந்தது.

தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். அவருடைய ஞாபகம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. அக்கா ஷூக்களை எங்கே ஒளித்திருப்பாள் என்ற யோசனைதான் வந்தது. பரண் மேலேதான் இருக்கும். இங்கிருந்து வெளியே போனால் அதை எடுத்து வாசலில் வைக்க வேண்டும்.

சுவரில் இருந்த சிறு தட்டில் இரண்டு புட்டிகளும் நின்றன. மஞ்சளும் சிவப்பும்.

கருணை இல்லாத ஒரு ஆள் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தப்பு கண்டுபிடிப்பதற்கென்றே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆறே கலங்கி வருகிற நாளில் கலங்கல் எண் துள்ளியதை அவள் தப்பாக எடுத்திருக்கமாட்டாள்.

புளிப்பு நாக்கை வெளியே எடுத்தாள். மஞ்சள் புட்டியை விட்டுவிட்டு, சிவப்புப் புட்டியைத் திறந்து நாக்கை அதற்குள் வைத்தாள். ஹோல்ட் எரிந்துகொண்டிருந்தாலும் கருவியின் முகத்தில் உண்மையான எண் தெரியும். அது ஏழரையிலிருந்து மெல்ல இறங்கியது. ஆறு. ஐந்து. அவசரப்பட்டுப் பாதியில் ஹோல்டை எடுத்துவிட்டால், ரேடியோ பாதியிலேயே பிடித்து நிறுத்திவிடுவான். ஐந்தே கால் என்பது ஆற்றில் ஏதோ கோளாறு. நாலு என்றால்தான் அது புட்டி. பெட்டியின் அடிப்பக்கத்துக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சாண்தான் இருந்தது. அவள் காத்திருந்தாள். நாலேகால். நாலு. அசங்காத நாலு.

ஹோல்டை எடுத்தாள். மேலே நாலு போனது. சில மூச்சுகளில் சொல் மறுபடி எரிந்தது.

“பிடிச்சுக்கோ தம்பி,” என்று அவள் வாய்விட்டே சொன்னாள். “அதையே பிடிச்சுக்கோ.”

ஹோல்ட் என்பது கடைசி எண்ணைப் பிடித்து வைப்பதுதானே. அவளை மறைக்க ரேடியோ போட்ட பூட்டு, இரண்டு திரைகளிலும் நாலை அறைந்து நிறுத்தியிருக்கும். அதற்கு முன்னால் ஏழு இல்லை. ஏழு வரவே இல்லை.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம், தலைக்கு மேலே, வால்வில் தொங்கிய பைக்குள் கைபேசி அடித்தது. அடித்து நின்றது. உடனே மறுபடி அடித்தது. மூன்றாவது முறையும் அடித்து ஓய்ந்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. போன் அடிக்கிற அடியைப் பார்த்தே ஆள் யார் என்று தெரிந்தது.

வெளிச்ச வட்டத்தில் முதலில் ஒரு குரல் விழுந்தது, பிறகுதான் தலை.

“ஏம்மா, உனக்கு அறிவுன்னு ஏதாவது இருக்கா? ஏழு எங்க? ஹோல்ட் போடாம, ஏழு போடாம, எடுத்த எடுப்புல நாலு. போன் பண்ணா எடுக்க மாட்டியா? என்ன திமிரு உனக்கு?”

“மேடம், வால்வை மூடுங்க. மெயினை அணைங்க.”

“முதல்ல கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“மேடம், தண்ணி பெட்டிகிட்ட வந்திருச்சு.”

தலை மறைந்தது. டக்கென்று கருவியின் முகம் இருண்டது. குழாயில் தண்ணீர் இளைத்து, சொட்டி, நின்றது. திரும்பி வந்த தலை குழியை நன்றாகப் பார்த்தது. விழுந்து கிடந்த ஏணி, கிட்டத்தட்ட இடுப்பளவு நீர், கையில் இன்னும் சிவப்புப் புட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள்.

“எவ்வளவு நேரமா இப்படி நிக்கற?”

“தெரியல மேடம்.”

“அப்பவே நாலு போட வேண்டியதுதானே. மூளை வேலை செய்ய இவ்வளவு நேரமா?” என்றாள் ஆசிட். அவள் குரல் கடைசியில் லேசாக உடைந்தது. உடனே அதைச் சரிசெய்துகொண்டு, நிலையத்தின் பக்கம் திரும்பி, பம்ப் இரைச்சலையும் மீறி ஊரைக் கூட்டினாள்.

மர ஏணியும் கயிறும் வந்தன. அவளைத் தூக்கி வெளியே உட்காரவைத்தபோது ரேடியோ பக்கத்தில் மண்டியிட்டான். முகமெல்லாம் கண்ணீர்.

“அண்ணி, நீங்க அழுதுட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான்... நான்தான் ஹோல்ட் போட்டேன் அண்ணி. ஒவ்வொரு தடவையும் நான்தான்.”

“தெரியும் தம்பி.” அவன் தலையில் கை வைத்தாள். “நாலையும் நீங்கதான் பிடிச்சு வச்சீங்க. அதுவும் தெரியும். ஆனா இனிமே நான் தப்பு பண்ணா மூடாதீங்க. திட்டுங்க.”

“திட்டவா? உங்களையா?”

“பழகிக்கோங்க.”

சுற்றி நின்றவர்களில் ஒருவர், அடிக்கிற கைதான் அணைக்கும் என்று ஆசிட்டைப் பார்த்துச் சொன்னார். “நான் அடிக்கவும் இல்ல, அணைக்கவும் இல்ல,” என்று அவள் கைகளை உதறினாள். “சிவப்புப் புட்டி பூரா வீணாப்போச்சு. புதுசுக்கு யார் எழுதறது?”

காலில் கட்டோடு வீட்டில் கிடந்த நாட்களில், பரண் மேலிருந்து ஷூக்களை இறக்கச் சொன்னாள். அக்கா மறுத்தாள், அழுதாள், பிறகு இறக்கினாள். அவற்றை மடியில் வைத்துக்கொண்டு, “ரெண்டு தடவை கேட்டேன்க்கா, என்னத்தங்க தொலைச்சீங்கன்னு,” என்று ஆரம்பித்தாள். அக்கா கையைப் பிடிக்க வந்தாள். வந்தவள், பிடிக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள்.

மறுபடி வேலைக்குப் போன அன்று சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தாள். சிரிப்பு நின்றது.

“எதுக்குச் சிரிச்சீங்க?” என்று கேட்டாள்.

ரேடியோ இருமினான். “ஒண்ணுமில்ல அண்ணி. ஆத்தையே புளிக்க வச்ச கைராசி உங்களுக்குன்னு...” என்று சொல்லிவிட்டுப் பயந்து நிறுத்தினான்.

அவள் சிரித்தாள். பழகாத கதவைத் திறந்த மாதிரி சத்தம் வந்தது. மின்விசிறியைத் திருப்பி வைக்க யாரும் எழுந்திருக்கவில்லை.

குழியில் புது ஏணி போட்டிருந்தார்கள். கைபேசியை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். அடிவரை போனதும் கொஞ்ச நேரம் மேலே இருந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்துவிட்டோம் என்று உடம்பு இன்னும் நம்பவில்லை. கை வைத்த சுவர் அப்படியே இருந்தது, அதே குளிர்ச்சியோடு.

கழுத்தில் போன் அடித்தது.

“கீழ இறங்கிட்டியா?” ஆசிட்டின் குரல்.

“இறங்கிட்டேன் மேடம்.”

“என்ன பண்ணிட்டிருக்க?”

அவள் கலங்கல் நாக்கைக் கையில் எடுத்தாள். “நாக்கு வழிச்சுக்கிட்டிருக்கேன்.”

அந்தப் பக்கம் ஒரு செருமல். அந்த ஜோக்கை அவளும் பல தடவை கேட்டிருப்பாள் போல.

“அதான் ஊருக்கே தெரியுமே,” என்றாள் ஆசிட். “ஏழுல ஆரம்பி.”